படகுகளின் உராய்வுத் தடையும் நுண்வரிப் பரப்பும்

நீரில் செல்லும் படகைப் பின்னிழுக்கும் தடைகளுள் இரண்டு முதன்மையானவை. படகு எழுப்பும் அலைகளால் உண்டாவது அலைத்தடை. நனைந்த பரப்பில் நீர் உராய்வதால் உண்டாவது உராய்வுத் தடை. இவ்விரண்டையும் பிரித்துக் கணிக்கும் முறையை வகுத்தவர் இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் (1810–1879).

ஃபுரூடின் சோதனைகள்

1867இல் ஃபுரூட் டார்ட் ஆற்றில் 3, 6, 12 அடி நீளமுள்ள மாதிரிகளை இழுத்துச் சோதித்தார். குறைந்த வேகத்தில் கூர்முனை வடிவமும் கூடுதல் வேகத்தில் மழுங்கிய முனை வடிவமும் குறைந்த தடை கொண்டிருந்தன. எல்லா வேகத்துக்கும் ஏற்ற ஒரே வடிவம் இல்லை என்பது இதனால் தெளிவாயிற்று. பின்னர் டார்க்கி நகரில் அமைத்த சோதனைத் தொட்டியில், வார்னிஷ், துணி, மணல் முதலியன பூசிய அல்லது ஒட்டிய பலகைகளை இழுத்து அளந்தார். சொரசொரப்பான பரப்புகளில் தடை மிகுந்தது. வழவழப்பே சிறந்தது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

நுண்வரிப் பரப்பு

இக்கருத்துக்கு விதிவிலக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் கிடைத்தது. நீரோட்டத் திசையில் அமைந்த மிக நுண்ணிய வரிப்பள்ளங்கள் உராய்வைக் குறைப்பதை அமெரிக்காவின் நாசா லாங்லி ஆய்வு மையம் கண்டறிந்தது. சுறாத் தோலின் செதில்களிலும் இத்தகைய வரிகள் உண்டு. பரப்பை ஒட்டிச் சுழலும் சிறு நீர்ச்சுழல்களை வரிகளின் முகடுகள் பள்ளத்துக்குள் இறங்கவிடுவதில்லை. அதனால் நனையும் பரப்பு கூடினாலும் தடை குறைகிறது. ஆய்வகத்தில் கிடைத்த குறைவு ஏறத்தாழ 8 விழுக்காடு வரை இருந்தது.

3எம் நிறுவனம் இவ்வரிகளை ஒட்டும் படலமாகத் தயாரித்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இப்படலம் ஒட்டிய அமெரிக்க நால்வர் துடுப்புப் படகு வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1987இல் ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டிலில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் இதை ஒட்டிய ‘ஸ்டார்ஸ் அண்டு ஸ்டிரைப்ஸ்’ பாய்மரப் படகு 4–0 என வென்றது. மாலுமிகளின் திறமைக்கும் படலத்துக்கும் அவ்வெற்றியில் இருந்த பங்கைத் தனித்தனியே பிரித்துச் சொல்ல இயலாது.

தடை விதிகள்

இதுவே நேர்மைச் சிக்கலாயிற்று. போட்டி வீரர்களுக்கிடையே நடப்பதா, படகின் தோல்களுக்கிடையே நடப்பதா? பாய்மரப் பந்தய விதிகளும் உலகத் துடுப்புப் படகு விதிகளும் இத்தகைய பரப்புகளைத் தடை செய்தன. நீரில் பாலிமர் போன்ற பொருள்களைக் கசியவிட்டு உராய்வைக் குறைப்பதும் தடை செய்யப்பட்டது.

பந்தயத்துக்கு வெளியே உள்ள சிறு படகுகளுக்கு ஃபுரூடின் முடிவே இன்றும் பயன்படுகிறது. அடிப்பகுதியில் படியும் பாசியையும் சிப்பிகளையும் சுரண்டி அகற்றினாலே எரிபொருள் மிச்சமாகும்.