பிங்... பிங்... பிங்...

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வீடியோ கால் போடுகிறோம். பாட்டியின் முகம் பாதியில் உறைந்து நிற்கிறது. உடனே "கோளாறு உங்க பக்கமா, எங்க பக்கமா?" என்று ஆரம்பிக்கும். பதில் வீட்டு ரௌட்டருக்குள்ளேயே இருக்கிறது மக்களே. 'டயக்னாஸ்டிக்ஸ்' என்ற பக்கத்தில் பிங், ட்ரேஸ்ரூட் என இரண்டு கருவிகள் இருக்கும். இரண்டுமே நம்மில் பலர் கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு முன்பே வந்தவை.

பிங்கை எழுதியவர் மைக் மூஸ், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். 1983 டிசம்பரில் அங்கே நெட்வொர்க் மக்கர் செய்ய, ஒரே மாலையில் எழுதி முடித்தார். சோனார் கருவி கடலுக்குள் ஒலி எழுப்பி எதிரொலிக்குக் காத்திருக்குமே, அந்தச் சத்தத்தையே பெயராக வைத்தார். சின்னப் பொட்டலம் ஒன்றை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் என்று பார்ப்பதுதான் வேலை.

அவர் சொன்ன கதை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். விட்டு விட்டு வேலை செய்த நெட்வொர்க்கைச் சரிபார்க்க, ஒருவர் பிங்கை ஸ்பீக்கரில் இணைத்து அலற விட்டாராம். பதில் வந்துகொண்டிருக்கும்வரை 'பிங், பிங்' என்று கத்தும். கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு ஒயராக ஆட்டிப் பார்த்திருக்கிறார். சத்தம் எங்கே நின்றதோ அதுதான் குற்றவாளி! மூஸ் 2000 நவம்பரில் கார் விபத்தில் இறந்தார். வயது 42தான்.

ட்ரேஸ்ரூட் 1987ல் வான் ஜேக்கப்சன் எழுதியது. வழியிலுள்ள ரௌட்டர்களை வரிசையாகக் காட்டும். (நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பயப்படாதீர்கள், சில ரௌட்டர்கள் பதில் சொல்லாது.)

இதன் அருமை எனக்குப் புரிந்தது 2008ல். ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே சீ-மீ-வீ 4, ஃப்ளாக் என்ற இரண்டு கடலடி கேபிள்கள் அறுந்தன. இந்தியாவின் இணைய வசதி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இரண்டு நாளில் துபாய்க்கும் ஓமனுக்கும் நடுவே ஃபால்கன் கேபிளும் போனது. அங்கே கிடந்தது யாரோ கைவிட்ட நங்கூரம். கண்ணாடி இழையில் ஒளி மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கி.மீ. போகும். இங்கே லண்டனிலிருந்து திருவனந்தபுரம் நேர்க்கோட்டில் 8,000 கி.மீ.க்கு மேல், போய்வர எப்படியும் 80 மில்லிசெகண்ட். அந்த வாரம் ட்ரேஸ்ரூட்டில் அமெரிக்க ஊர்ப்பெயர்கள் வந்தன. என் பொட்டலங்கள் பசிபிக்கைச் சுற்றிக் கரமனைக்குப் போய்க்கொண்டிருந்தன.

போன மழைக்காலத்தில் கரமனை வீட்டில் மறுபடி தகராறு. கம்பெனிக்காரர்கள் வழக்கம்போல "வைஃபை சரியில்லை, ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார்கள். அப்பாவை மொபைலில் பிடித்தேன். "அப்பா, ரௌட்டர் பக்கத்தைத் திறந்து, பிங்ல 8.8.8.8 போடுங்க." ரௌட்டரே நேராக அனுப்புவதால் இதில் வைஃபைக்கு வேலையே இல்லை.

"நூறுல முப்பது வரலைடா."

அதைப் படமெடுத்து அனுப்பியதும் மறுநாள் ஆள் வந்தார். வாசல் போஸ்டில் தென்னை மட்டை விழுந்து ஃபைபர் மடங்கிக் கிடந்திருக்கிறது.