பெருங்கூட்டத்துக்குக் கோழி சமைத்த வரலாறு

ஸ்ரீபெரும்பூதூர் என்றவுடன் நம்மவர் மனத்தில் முன்வந்து நிற்பது, 1017-ம் வருஷத்தில் அங்கு அவதரித்த ஸ்ரீ இராமாநுஜரின் திருநாமமேயாகும். ஆதிகேசவப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியும், உற்சவ காலங்களில் அடியார்க்கு அன்னமிடும் வழக்கமும் அவ்வூருக்குப் பழமையானவை. அந்த ஸ்தலத்தைச் சூழ்ந்த இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் முதலிய கிராமங்களில் இன்று மற்றொரு வகை மடைப்பள்ளிகள் தோன்றியுள்ளன. அவை தொழிற்சாலைகளின் போஜனசாலைகளும் தொழிலாளர் விடுதிகளின் சமையற்கூடங்களுமாம். அவற்றில் வெந்துவரும் பண்டங்களில் ஒன்றாகிய கோழிக்கறியைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். பொருள் அற்பமென்று நேயர்கள் எண்ணற்க. 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இளம்பெண்கள் பலர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து வண்டிகளை மறித்ததற்கு உடனடிக் காரணம் விடுதிச் சாப்பாடே.

நம் பாட்டனார் காலத்தில் கோழி கூட்டத்துக்குரிய உணவன்று. கொல்லையில் மேய்ந்த நாட்டுக்கோழி ஒன்றை மாப்பிள்ளை வந்த அன்று அடித்துக் குழம்பு வைப்பர். நூறு பேர் கூடினாலோ ஆட்டுக்கறிதான். ஒரே நாளைக்கு நூறு கோழி வேண்டுமாயின் ஊர் ஊராய் அலையவேண்டும் அன்றோ? இதற்கு விலக்காக மதுரை ஜில்லா வடக்கம்பட்டியில் நடைபெறும் முனியாண்டி சுவாமி விழாவைச் சொல்லலாம். 1930-களில் தொடங்கிப் பின் தமிழகமெங்கும் பரவிய முனியாண்டி விலாஸ் ஓட்டல்காரர்கள் கூடி நடத்தும் விழா அது. நேர்ந்துவிட்ட ஆடுகளையும் சேவல்களையும் கொண்டு இரவெல்லாம் விறகடுப்பில் வரிசை வரிசையாகத் தேக்சாக்களை ஏற்றிப் பிரியாணி சமைத்து, விடியற்காலையில் பல்லாயிரவர்க்குப் பிரசாதமாக வழங்குவர். இறக்கிய உணவு ஆறிக் கிடக்க அங்கு அவகாசமில்லை. இதனை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வார்களாக.

கோழி கூட்டத்துக்கு வந்தது பண்ணைக்கோழியினால். 1971-ம் வருஷத்தில் பூனாவில் பி. வி. ராவ் தொடங்கிய வெங்கடேசுவரா குஞ்சு பொரிப்பகமும், 1984-ல் உடுமலைப்பேட்டையில் தோன்றிய சுகுணா ஸ்தாபனமும் இத்தொழிலைப் பெருக்கின. கம்பெனியார் குஞ்சும் தீவனமும் கொடுப்பர். குடியானவர் தம் கொட்டகையில் வளர்த்துத் தந்து கூலி பெறுவர். ஏறக்குறைய ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடை காணும் இக்கோழி, ஆட்டிறைச்சியினும் மலிவாய், எப்போதும் கிடைப்பதாய் ஆயிற்று. ருசியில் நாட்டுக்கோழிக்கு இது ஈடாகுமா என்ற வழக்கை நம் வீட்டுப் பெரியவர்களே தீர்க்கட்டும்.

இதே காலத்தில்தான் ஸ்ரீபெரும்பூதூர்ப் பக்கத்து நிலங்களில் ஆலைகள் எழுந்தன. ஹூண்டாய் மோட்டார் ஆலைக்கு 1996-ல் அஸ்திவாரமிட்டு, 1998-ல் கார்கள் வெளிவந்தன. 2006-ல் வந்த நோக்கியா 2014-ல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனால்ட்–நிஸ்ஸான் ஆலை 2010-ல் திறக்கப்பெற்றது. 1948-ம் வருஷத்து ஆலைச் சட்டத்தின் 46-வது பிரிவு, 250 பேருக்கு மேற்பட்ட ஆலைகளில் போஜனசாலை அமைக்கும்படி விதிக்க ராஜாங்கத்தாருக்கு அதிகாரமளித்தது. அதனை நிர்வகிக்கும் கமிட்டியில் தொழிலாளருக்கு ஸ்தானம் அளிக்கவும் வழிசெய்தது. அதே சட்டம் ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரைமணியேனும் ஓய்வு தரவேண்டுமென்றது. அந்த அரைமணியில் ஆயிரம் பேர் உண்டு எழவேண்டுமாயின், மணி அடிக்குமுன்பே கறி முழுவதும் தயாராய்க் காத்திருக்க வேண்டும். வடக்கம்பட்டியில் ஜனங்கள் உணவுக்காகக் காத்திருந்தனர். இங்கே உணவு ஜனங்களுக்காகக் காத்திருக்கிறது.

காத்திருப்பதனால் வரும் கேடு யாது? 1945-ம் வருஷத்தில் அமெரிக்காவில் மக்கிளங் என்னும் சாஸ்திரியார், முதல் நாள் ஆவியில் வேகவைத்து மெல்ல ஆறவிட்ட கோழியை மறுநாள் உண்டு பலர் வயிற்றுப்போக்கால் வருந்திய சம்பவங்களை ஆராய்ந்து வெளியிட்டார். காரணம், கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்னும் நுண்கிருமி. இது கொதிநீரிலும் சாகாத வித்தாக மாறி உயிர் பிழைக்க வல்லது. கொதிப்பு மற்றக் கிருமிகளைக் கொன்று, கறியினின்றும் காற்றை வெளியேற்றி, காற்றை வெறுக்கும் இக்கிருமிக்கே தனிவீடு அமைத்துக் கொடுத்துவிடுகிறது! சூடு 50 டிகிரி செண்டிகிரேடுக்குக் கீழ் இறங்கியதும் வித்து முளைக்கிறது. 43 முதல் 47 டிகிரி வரையில் சுமார் பத்து நிமிஷத்துக்கொருமுறை இரட்டிக்கிறது. ருசியிலும் வாசனையிலும் வேறுபாடு தெரியாது. உண்டவருக்கு 6 முதல் 24 மணிக்குள் வயிறு கடுக்கும்.

பாத்திரத்தின் அளவும் இதில் சேர்ந்துகொள்கிறது. கெட்டியான குழம்பின் ஆழம் இரண்டு மடங்கானால், நடுப்பாகம் ஆறும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். வீட்டுச் சட்டியில் ஒரு மணியில் ஆறுவது, அண்டாவில் இரவு முழுவதும் வெதுவெதுப்பாகவே கிடக்கும். ஆகையால் கோழியின் உட்புறம் 74 டிகிரி காண வேகவைத்தாலும் வேலை பாதியே முடிந்தது. அதன்பின் பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். இன்றேல் ஆழமில்லாத தட்டங்களில் பரப்பி, இரண்டு மணிக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணிக்குள் 5 டிகிரிக்கும் குளிர்விக்க வேண்டும்.

நம் இல்லக் கலியாணங்களில் பந்தி போய் பஃபே வந்ததையும் இவ்விடத்துச் சொல்லாமலிருக்க இயலாது. பந்தியில் அடுப்படியிலிருந்து வாளி நேரே இலைக்கு வரும். ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த வாளி. பஃபேயில் கறி மூன்று மணி நேரம் மேசைமேல் நிற்கிறது. அடியில் எரியும் சிறு விளக்கு, சூடான கறியைச் சூடாகக் காக்குமேயன்றி, ஆறியதைச் சுட வைக்காது. தட்டத்தின் அடியில் தங்கிய பழங்குழம்பின்மீதே புதுக்குழம்பை ஊற்றுவது அதனினும் தவறு. தட்டம் காலியானால் அதை எடுத்துவிட்டு வேறு தட்டம் வைப்பதே முறை.

இனி 2021-ம் வருஷத்துக்கு வருவோம். சுங்குவார்சத்திரத்துப் பாக்ஸ்கான் ஆலை அமெரிக்க ஆப்பிள் கம்பெனிக்குக் கைபேசி செய்து தருவது. அதில் வேலை செய்த பெண்களில் ஒரு பகுதியார் பூந்தமல்லிக்கு அணித்தான விடுதியொன்றில் தங்கியிருந்தனர். டிசம்பர் மாத நடுவில் விடுதி உணவு உண்டவர்களில் 159 பேர் வைத்தியசாலை சேர்ந்தனர். சிலர் இறந்தனர் என்ற பொய் வதந்தி பரவவே தோழியர் சாலையில் இறங்கினர். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சமையற்கூடத்தில் எலிகளையும் சரியற்ற சாக்கடையையும் கண்டு அதனை மூடினர். விடுதிகளும் உணவறைகளும் சில தன் தரத்துக்கு ஒவ்வவில்லையென ஆப்பிள் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ல் மீண்டும் திறந்தது. அன்றைய குற்றத்தைக் கோழியின்மேல் நாம் சுமத்தவில்லை. பண்டம் எதுவாயினும், அதனைச் சமைத்த இடத்தை உண்டவர்கள் பார்க்கவும் கேட்கவும் வழியிருந்ததா என்பதே நம் வினா.

ஆலைக்குள் இருக்கும் போஜனசாலைக்கு 1948-லேயே கமிட்டி கிடைத்தது. மதில்சுவருக்கு வெளியே, அதே தொழிலாளி இரவுச் சோறு உண்ணும் விடுதிக்கு அப்பிரிவு எட்டவில்லை. கொத்துக்கறி முதல் கோழி வரை பகலில் உரிமையோடு உண்டவள், இரவில் இட்டதை உண்டு படுக்கவேண்டியவளாகிறாள். 2024 ஆகஸ்டு 17-ல் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பெற்றது நல்ல காரியமே. ஆயினும் சிறு விடுதிகள் இன்னும் பல உள. நம் சங்கத்தாரில் அப்பகுதியில் வீடு கட்டி விடுதிக்காரருக்கு விட்டிருப்போர், வாடகைப் பத்திரத்தில் அறைகளின் தொகையை எழுதுவதுபோல, இத்தனை பேருக்கு இத்தனை அடுப்பு, இன்னவழிச் சாக்கடை, சமையற்கூடத்தைப் பார்வையிடக் குடியிருப்போரில் இருவர் என்றும் எழுதிக்கொள்ளலாகாதா?