'ஒரு தம்' தானே? மாணவர்களை வளைக்கும் சில்லறை சிகரெட்

கல்லூரி விடும் நேரம் பக்கத்து டீக்கடையில் நின்று பாருங்கள். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் சிகரெட். கேட்டால், "ஃபிரண்ட்ஸ் கூட இருந்தா மட்டும்தான். டெய்லி எல்லாம் கிடையாது" என்பார்கள்.

மாணவனிடம் முழு பாக்கெட் வாங்க காசு இருக்காது. சில்லறையாக ஒன்று வாங்கி, நாலு பேர் மாற்றி மாற்றி இழுப்பார்கள். சிக்கலே இதில்தான் இருக்கிறது.

சிகரெட் பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கை படமும் வாசகமும் இருக்க வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 2018 முதல் இலவச ஆலோசனை எண்ணும் அச்சாகிறது. ஆனால் பாக்கெட் கடைக்காரரிடமே நின்று விடுகிறதே! ஒற்றை சிகரெட் வாங்கும் பையன் கண்ணில் படமும் படாது, நம்பரும் படாது.

ஒரு தம் இழுத்த சில விநாடிகளில் நிகோடின் மூளைக்கு போய் விடும். 20 வயதுகளின் நடுப்பகுதி வரை மூளை வளர்ந்து கொண்டே இருப்பதால், இந்த வயசில் சீக்கிரம் அடிமையாகி விடுவார்கள். புகையில் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் உள்ளன. அதில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. 'லைட்' சிகரெட், ஃபில்டர் சிகரெட் என்றால் ஆபத்து இல்லை என்பது சும்மா பேச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

2003-ம் ஆண்டு சட்டப்படி 18 வயதுக்கு கீழ் உள்ளவர்களுக்கு சிகரெட் விற்கக் கூடாது. முதலாம் ஆண்டு மாணவர்களில் 17 வயசுக்காரர்களும் உண்டு. கல்வி நிறுவனத்தை சுற்றி 100 கெஜ தூரத்துக்குள், அதாவது 300 அடிக்குள், யாருக்குமே விற்கக் கூடாது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். இதுக்கு எந்த கடைக்காரர் பயப்படுவார்?

கல்லூரி, கேன்டீன், தியேட்டரில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் கட்டுப்பாடு இறுகியது. 'வேப்' எனும் இ-சிகரெட் விற்பனைக்கு 2019-ல் நாடு முழுக்க தடை வந்தது. விற்று முதல் முறை சிக்கினாலே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்தே கிடைக்கலாம்.

விட முடியுமா?

முடியும். தம் அடிக்கணும் என்ற வெறி பெரும்பாலும் சில நிமிஷத்தில் அடங்கி விடும். அதுவரை தண்ணீர் குடிக்கலாம், அந்த இடத்தை விட்டு நகரலாம். முதல் சில நாட்கள் எரிச்சல், தூக்கமின்மை இருக்கும், பிறகு குறையும். நிறுத்திய 20 நிமிஷத்தில் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஓராண்டில் மாரடைப்பு ஆபத்து பாதியாகிறது. நிகோடின் சூயிங்கம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பாக்கெட்டில் அச்சாகும் அந்த இலவச எண்: 1800-11-2356. போனில் பதிந்து வைத்துக் கொள்ளலாம்.