இல்லறக் கட்டுரைகளும் லயத்துக் குடும்பமும்

மரபுவழித் திருமணத்தையும் குடும்ப வாழ்வையும் போற்றி இருபதாம் நூற்றாண்டின் முற்கூற்றில் எழுந்த கட்டுரைகளைப் பழைமைவாதம் என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்கு விமர்சகரிடையே உண்டு. ஒதுக்குதல் எளிது. ஆயின் அக்கட்டுரைகள் எத்தகைய பொருளியல் உறவுகளை ஆதாரமாகக் கொண்டன, எவற்றைக் காணாது விட்டன என்ற வினாக்கள் அப்போது எழாமலே போகின்றன.

கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918இல் வெளியிட்ட 'சிவ நடனம்' என்ற ஆங்கிலத் தொகுப்பில் இந்தியப் பெண்களின் நிலை பற்றிய கட்டுரையொன்று உள்ளது. திருமணம் தனிமனித விருப்பத்தின் பாற்பட்டதன்று, சமூகக் கடமை என்பது அதன் சாரம். நவீன கைத்தொழிற் சமுதாயம் பெண்ணைக் கூலிப் போட்டிக்குள் தள்ளுகிறது என்ற கண்டனமும் அவரிடம் உண்டு. இக்கண்டனத்தை நாம் மறுப்பதற்கில்லை; தொழிலாளியின் குடும்பத்தை முதலாளித்துவமே குலைத்தது என 1848ஆம் ஆண்டின் கம்யூனிஸ்ட் அறிக்கையும் கூறிற்று. குமாரசுவாமி மருந்தைக் கடந்த காலத்தில் தேடினார் என்பதே வேறுபாடு. திரு.வி.க.வின் 'பெண்ணின் பெருமை' 1927இல் வெளிவந்தது. சென்னைத் தொழிலாளர் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரும் விதவை மறுமணத்தை ஆதரித்தவருமான அவரைக் குமாரசுவாமியோடு ஒரே தட்டில் வைத்தல் நியாயமன்று. எனினும் குடும்பத்துக்குத் தனக்கென ஓர் இல்லம் உண்டு, பெண் அதனை ஆள்பவள் என்ற கற்பிதம் இருவருக்கும் பொதுவானது.

அந்த இல்லமே இல்லாத இடத்தில் இக்கற்பிதம் என்னவாகிறது? 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருளாய்வுக்குப் பொறுப்பாயிருந்த குமாரசுவாமிக்கு மலைநாடு புதிதன்று. கண்டிய நாட்டுக் கைவினைஞரின் சிதைவை மனம் நொந்து எழுதியவர் அவர். லயத்துப் பெண் மட்டும் அவரது இல்லறக் கட்டுரைக்குள் வரவில்லை.

ஊவாவில் பெரகலைச் சந்தியிலிருந்து ஒரு பாதை அப்புத்தளைக்கு ஏறுகிறது. மற்றொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகிறது. அப்புத்தளைக்கு அப்பாலுள்ள தம்பேதன்னையில் லிப்டன் 1890இல் தேயிலைத் தொழிற்சாலை அமைத்தார். கோப்பிக் காலத்தில் தொழிலாளருட் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து மீண்ட ஆண்கள். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகளை வேண்டியது; பெண்ணும் பிள்ளையும் தேவைப்பட்டனர். கங்காணி உறவுக் கூட்டங்களாகவே ஆட்களைக் கொணர்ந்தான். ஆகவே தோட்டத்துக் குடும்பத்தைத் தமிழ் மரபின் எச்சமெனக் கொள்வது அரை உண்மையே. மூலதனம் தன் தேவைக்காக அதனை இங்கு நட்டது. அதற்குக் கொடுத்த இடம் தோட்டத்துக்குச் சொந்தமான ஒரு காம்பரா. வேலை போனால் அதுவும் போகும்.

குறைந்தபட்சக் கூலி பற்றிய 1927ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி, 1929இல் உயர்நிலத் தோட்டங்களுக்கு நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32 என விதிக்கப்பட்டது. மூவரும் பேர் போட்டாலன்றி உலை கொதியாது என்பதே இவ்வீதங்களின் பொருள். ஆண், பெண் கூலி சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடியுமுன் சமைத்து, பிள்ளையை மடுவத்தில் விட்டு, மலையேறிக் கொழுந்தெடுத்தவளின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்குவதும் வழக்கமாயிருந்தது. நிருவாகம் அதற்கு உடன்பட்டது. கட்டுரைகள் போற்றிய குடும்பத் தலைவனைச் சம்பள மேசையருகே நாம் இவ்வாறு சந்திக்கிறோம்.

ஆயினும் இம்மக்கள் திருமணத்தைப் பற்றி நின்றதை வெறும் அடிமைப் புத்தியாகக் காண்பது தவறு. செக்ரோலில் வெறும் பேராகப் பதியப்பட்டவர்கள் தாலிகட்டிலும் மாமன் சீரிலும் உறவும் முறையும் உடைய மனிதராயினர். சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்களைப் படிப்போர் இதனை உணர்வர்.

அந்த உறவின்மீது பின்னர் அரசு கைவைத்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் மணமானவருக்கு 7 ஆண்டும் மணமாகாதவருக்கு 10 ஆண்டும் தொடர்ந்த வதிவைக் கேட்டது. மனைவியும் இங்கேயே வதிந்தமையைக் கணவன் காட்ட வேண்டியிருந்தது. தமிழகத்துத் தாய்வீட்டில் அவள் நெடுநாள் தங்கிவிட்டால் அவன் விண்ணப்பமே ஆட்டங்கண்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மணமாகிச் சென்ற மகள் மரபின்படி கணவனைப் பின்பற்றினாள். அவன் இந்தியக் கடவுச்சீட்டுக்காரனாயின் அவளும் தலைமன்னாரிற் கப்பலேறினாள். இலங்கைக் குடியுரிமை பெற்ற பெற்றோர் அதே லயத்தில் இருந்தனர்.