படங்களில் வாழும் வரலாறு

1957ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டில் பதினாறு பக்கப் படக்கதை நூலொன்று பத்து சென்ட் விலையில் வெளிவந்தது. மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்துச் சமவுரிமை பெற்ற வரலாற்றை அது சிறுவர்க்கும் எடுத்துரைத்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், நம் பரமக்குடி மண்ணில் தியாகி இம்மானுவேல் சேகரனார் படுகொலை செய்யப்பட்டார். முதல்நாள் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டத்தில் நம் மக்களுக்காகப் பேசித் திரும்பியவர் அவர். மாண்ட்கோமரியின் கதை அச்சேறியது. நம் கதையோ தாய்மார் நாவிலேயே தங்கிற்று.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வு 1979இல் அமர் சித்திரக் கதை வரிசையில் இடம்பெற்றது. 2011இல் வெளிவந்த 'பீமாயணம்' நூலிலோ, துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் கோண்டு ஓவியத் தம்பதியர், பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீமனைத் தீட்டினர். சாதி வெறியர் சொற்களுக்குத் தேள்கொடுக்கு. அன்புடையார் சொற்களுக்குப் பறவை வடிவம். எழுத்தறியாப் பிள்ளையும் இழிவு எது, மானம் எது எனக் கண்டுகொள்ளும்.

2010இல் சேகரனார்க்கு அஞ்சல்தலை வெளியாயிற்று. முகம் மட்டும் போதுமா? இளைஞர்களே! செல்லூரில் பிறந்து, படைவீரராய்ப் பணியாற்றி, தீண்டாமையை எதிர்த்து முப்பத்திரண்டு வயதிலேயே உயிரீந்த அவ்வாழ்வை மூத்தோரிடம் கேட்டு எழுதுங்கள். நம் பிள்ளைகள் வரையட்டும்.