விகாங்கோ: மிஜிகெண்டா மக்களின் முன்னோர் தூண்கள்

விகாங்கோ என்பவை கென்யாவின் கடற்கரைப் பகுதியில் வாழும் மிஜிகெண்டா மக்கள், இறந்த பெரியவர்களுக்காக நாட்டும் செதுக்கு மரத்தூண்கள் ஆகும். ஒற்றைத் தூணைக் கிகாங்கோ என்பர். அதன் பன்மையே விகாங்கோ. மிஜிகெண்டா என்பது ஒன்பது இனக்குழுக்களின் கூட்டுப்பெயர். அவற்றுள் கிரியாமா மக்களிடம் இவ்வழக்கம் மிகுதியாகக் காணப்படுகிறது.

எல்லோருக்கும் கிகாங்கோ வைப்பதில்லை. கோஹு என்னும் மூத்தோர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவருக்கே அந்த உரிமை உண்டு. சங்கத்தில் சேர விருந்தும் கட்டணமும் அளிக்க வேண்டும் என்பதால், வசதி படைத்தவர்களே அதில் இடம்பெற்றனர். ஏனையோருக்குக் கோமா எனப்படும் சிறிய, எளிய கட்டைகள் நடப்படும்.

இறந்த உடனே தூண் நாட்டும் வழக்கமும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து, இறந்தவர் உறவினர் கனவில் வந்து முறையிட்டாலோ, வீட்டில் நோயும் துன்பமும் தொடர்ந்தாலோ, குறி கேட்டு அதன்பின் நாட்டுவர்.

தூணுக்குக் கறையான் எளிதில் அரிக்காத கடின மரத்தையே தேர்ந்தெடுப்பர். பல தூண்கள் ஆள் உயரம் இருக்கும். அதற்கும் மேலானவையும் உண்டு. உடல் பகுதி பலகைபோல் தட்டையாக இருக்கும். கை, கால் கிடையாது. தலை சிலவற்றில் வெறும் வட்டமாகவும், சிலவற்றில் கண், மூக்கு, வாயுடனும் அமைந்திருக்கும். உடலெங்கும் சிறு முக்கோணங்கள் வரிசை வரிசையாகக் கொத்தப்பட்டிருக்கும். இறந்தவரின் முகச்சாயலைக் கொண்டுவரச் சிற்பி முயல்வதில்லை. தூணை நாட்டிய பின் துணிப்பட்டைகள் கட்டிக் கள் படைப்பர்.

நாட்டிய தூணை மீண்டும் பெயர்க்கக் கூடாது என்பதே இதன் முதன்மையான விதி. குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் பழைய தூண் அங்கேயே நின்று மட்கும். புதிய இடத்தில் சிறிய தூண் ஒன்றை நட்டு வழிபாட்டைத் தொடர்வர். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்போல வெளியாருக்குத் தோன்றியது இதனால்தான். தோற்றம் அப்படியே தவிர, அது கைவிடப்பட்ட பொருளன்று.

1970-களிலிருந்து மேல்நாட்டுக் கலைச்சந்தையில் இத்தூண்களுக்கு நல்ல விலை கிடைத்தது, திருட்டும் பெருகியது. மானிடவியலாளர் மோனிகா உட்வார்டி 1985-இல் ஒரு மிஜிகெண்டா முதியவரை, அவருடைய இறந்த சகோதரர்களுக்காக நாட்டிய இரு தூண்களுடன் புகைப்படம் எடுத்தார். சிறிது காலத்தில் அவ்விரண்டும் களவு போயின. பின்னர் 1999-இல், மற்றோர் ஆய்வாளரான லிண்டா ஜைல்ஸ் ஒரு கருத்தரங்கில் காட்டிய படத்தில் அவற்றுள் ஒன்றை உட்வார்டி அடையாளம் கண்டார். அது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருந்தது. மற்றொன்று வர்ஜீனியாவிலுள்ள ஹாம்ப்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் கிடைத்தது. அமெரிக்க அருங்காட்சியகங்கள் பத்தொன்பதில் 294 விகாங்கோ இருப்பதை இவ்விருவரும் கணக்கிட்டனர்.

இல்லினாய் 2006-இலும் ஹாம்ப்டன் 2007-இலும் தம்மிடமிருந்த தூணைத் திருப்பி அனுப்பின. அக்குடும்பத்துக்குச் சாட்சியாக ஒரு புகைப்படம் இருந்தது; பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. டென்வர் இயற்கை, அறிவியல் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 30 தூண்களைத் தர 2014-இல் முன்வந்தபோது இச்சிக்கலே எழுந்தது. எந்த வீட்டு முற்றத்திலிருந்து எந்தத் தூண் பெயர்க்கப்பட்டது என்ற குறிப்பு அவற்றோடு வரவில்லை.