கறுப்பை எண்ணிய கதை

பி.காம். படிக்கிறவனுக்கு மீனில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எண்ணாக மாறாத எதையும் பேரேட்டில் ஏற்ற முடியாது என்பது எங்கள் பாடம். நிறத்தை எப்படி எண்ணாக்குவது? அந்தத் தேடலில் சிக்கியதுதான் வரிக்குதிரை மீன்.

நம் துணைக்கண்டத்து ஓடைகளிலும் வயல்நீரிலும் வாழும் குட்டி மீன் இது. 1822-இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் தன் கங்கை மீன்கள் நூலில் இதை விவரித்தார். பிறகு கண்ணாடித் தொட்டிகளுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது.

1981-இல் அவர் தாயின் மரபணுக்கள் மட்டுமே உள்ள மீன்களை உருவாக்கிக் காட்டினார். அதற்குச் சாட்சி நிறம்தான். தாய் 'கோல்டன்' என்ற வெளிர்நிற வகை, தந்தை சாதாரணக் கறுவரி. தந்தையின் விந்தணுவைப் புற ஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்துவிட்டதால் குஞ்சுகளும் வெளிர்நிறமாகவே பிறந்தன. இதற்குக் கண்ணே போதும்.

2005-இல் கீத் செங் குழுவினர் அந்தக் கோல்டன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் மனித வடிவத்தை வெளிர்நிற மீன் கருவில் செலுத்தியதும் கறுப்பு திரும்பியது! ஐரோப்பியர்–ஆப்பிரிக்கர் தோல்நிற வேறுபாட்டில் 25 முதல் 38 விழுக்காடு இந்த ஒரு மரபணுவால் என்று கணக்கிட்டார்கள். அதே மாற்றம் இந்தியர் பலரிடமும் உண்டு, மூலமும் ஒன்றே என்று 2013-இல் தெரிந்தது.

இனி கணினி விஷயம். ஒரு நாள் வயதில் கறுக்கத் தொடங்கும் கண்ணாடி போன்ற கருவைப் படமெடுத்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். ஓர் எல்லைக்குக் கீழே உள்ளவை கறுப்பு என்று வைத்து எண்ணிவிடலாம். 1997-இல் வெய்ன் ராஸ்பேண்ட் தொடங்கிய இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். ஆனால் மீன் லேசுப்பட்டதல்ல :-) வெள்ளைத் தரையில் நிறமித் துகள்களைச் சுருக்கிக்கொள்ளும், கறுப்புத் தரையில் விரித்துக்கொள்ளும். சரக்கு அதே அளவு, படத்தில் மட்டும் வேறு கணக்கு. அதனால் எல்லா மீனையும் ஒரே வெளிச்சத்தில் வைத்திருந்து படமெடுக்க வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? ஒரு பயன், தோலை வெளுக்கவைக்கும் பொருள்களைத் தேடுவது. எனக்கு உறுத்துவது இதுதான். ஒப்பீட்டுக்குப் பயன்படும் ஃபினைல்தயோயூரியா கலந்த நீரில் வளரும் கரு கறுப்பதே இல்லை. புள்ளிக் கணக்கில் முழு மதிப்பெண். ஆனால் அது தைராய்டு சுரப்பையும் தடுக்கிறது. அது படத்தில் விழாது. நல்ல நீருக்கு மாற்றினால் கறுப்பு மெல்லத் திரும்பி வருகிறது.